கட்டுச்சோறு

கட்டுச்சோறு என்பது பயணத்தின்போது வழியில் உண்பதற்காக முன்கூட்டியே சமைத்து, இலையிலோ துணியிலோ பாத்திரத்திலோ கட்டி எடுத்துச் செல்லப்படும் உணவு ஆகும். கட்டுச்சாதம், கட்டமுது, பொதிசோறு என்றும் இது அழைக்கப்படும். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஆகியவை இதில் முதன்மையானவை. கட்டுச்சோறு பெரும்பாலும் சைவ உணவாக அமைவதற்குச் சமயம் மட்டுமே காரணமன்று. சமைத்த இறைச்சியும் மீனும் வெப்பத்தில் விரைவாகக் கெடுவதும் ஒரு காரணமாகும். நெருப்பு மூட்டத் தடையுள்ள சேர்வராயன் மலை போன்ற மலைக்காடுகளுக்குச் செல்வோருக்கு இன்றும் இது ஏற்ற உணவாக உள்ளது.

சொல்லும் வழக்கும்

வழியில் உண்ணும் உணவைக் குறிக்கும் ஆற்றுணா என்ற பழஞ்சொல்லும் தமிழில் உண்டு. ஆறு என்பது இங்கு வழியைக் குறிக்கும். திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து சென்ற திருநாவுக்கரசரின் பசியைச் சிவபெருமான் பொதிசோறு தந்து தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. கொங்குப் பகுதியில் கருவுற்ற பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் பலவகைச் சோறு சமைத்துக் கொண்டுவந்து நடத்தும் விருந்தும் கட்டுச்சோறு என்றே வழங்கப்படுகிறது. "கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு" என்ற பழமொழி, இவ்வுணவுக்குக் கால எல்லை உண்டு என்பதை நன்கு அறிந்தவர்களின் கூற்றாகும்.

கெடாதிருக்கும் காரணம்

சோறு எளிதில் கெடக்கூடிய உணவாகும். அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லசு சீரியசு என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பான நிலையில் நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்நச்சு மீண்டும் சூடாக்கினாலும் சிதைவதில்லை. எனவே கெட்ட சோற்றைச் சூடுபடுத்தி உண்பது பயன் தராது. மருத்துவமனை அருகில் இல்லாத மலைப்பாதையில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டால் உடலின் நீர் குறைந்து நடக்க இயலாத நிலை உண்டாகும்.

புளியோதரை செய்யும் முறையில் இதற்கான தடைகள் பல அமைந்துள்ளன. சோறு குழையாமல் உதிரியாக வடிக்கப்பட்டு, அகன்ற தாம்பாளத்தில் பரப்பி ஆறவைக்கப்படுகிறது. இதனால் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஏற்ற வெப்பநிலையைச் சோறு விரைவில் கடந்துவிடுகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் உப்பும் அவற்றின் வளர்ச்சியை அடக்குகின்றன. புளிக்கரைசலை எண்ணெய் பிரியும் வரை கொதிக்கவைப்பதால் அதிலுள்ள நீர் பெருமளவு வற்றிவிடுகிறது. இக்காய்ச்சலை ஈரமற்ற பாத்திரத்தில் பல நாட்கள் வைத்திருக்கலாம்; சோற்றுடன் கலந்தபின் ஒரு நாளுக்குள் உண்டுவிடுவது நல்லது. நல்லெண்ணெயே சோற்றைக் கெடாமல் காக்கிறது எனப் பரவலாக நம்பப்படுகிறது. எண்ணெய் பருக்கைகளை ஒட்டாமலும் உலராமலும் வைக்கிறதே தவிர, நுண்ணுயிர்களைத் தடுப்பதில் புளிக்கே பெரும்பங்கு உண்டு.

தயிர்ச்சோற்றின் முறை வேறு. குழைய வடித்த சோற்றில் காய்ச்சிய பாலை மிகுதியாக ஊற்றி, ஆறியபின் ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்க்கப்படுகிறது. பயணத்தின் ஐந்தாறு மணிநேரத்தில் பால் உறைந்து, உண்ணும் வேளைக்குப் புளிப்பு அளவாக இருக்கும். தொடக்கத்திலேயே தயிரை நிறையச் சேர்த்தால் நண்பகலுக்குள் மிகவும் புளித்துவிடும்.

தேங்காய்த் துருவல், பச்சை வெங்காயம், நீர் மிகுந்த கூட்டு ஆகியவை கட்டுச்சோற்றுக்கு ஏற்றவை அல்ல. தேங்காய்ச் சட்னிக்கு மாற்றாகப் பருப்புத் துவையலை நீர் விடாமல் அரைத்து எடுத்துச் செல்வர். சேலத்தின் தட்டுவடைக்கும் இது பொருந்தும். தனித் தட்டுவடை பல நாட்கள் மொறுமொறுப்பாக இருக்கும். காய்த்துருவலும் சட்னியும் வைத்த 'செட்' கடை வாசலிலேயே உண்ணவேண்டியதாகும்.

அடிவாரமும் நெருப்பும்

ஏற்காட்டுக்கு மலையேறும் வழிகளுள் ஒன்று, சேலத்தை ஒட்டிய அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் செல்கிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சாலையின் இருபுறமும் உள்ள சரிவுகளில் கோடைக்காலத்தில் உலர்ந்த புல்லும் சருகும் எளிதில் தீப்பற்றும்.

காப்புக்காடுகளில் அனுமதியின்றி நெருப்பு மூட்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றமாகும். மூன்று கற்களை வைத்து அடுப்பு மூட்டுவதற்கும் இத்தடை பொருந்தும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. உலர்ந்த சரிவில் தீ எவ்வளவு விரைவாக மேலேறும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

சமைத்து உண்ணும் ஆவலில் எரிவாயு உருளையைத் தொடர்வண்டியில் எடுத்துச் செல்வதும் சட்டத்திற்குப் புறம்பானது. 2023 ஆகத்து 26 அன்று, இலக்னோவிலிருந்து வந்து மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் ஏற்பட்ட தீயில் 9 பேர் உயிரிழந்தனர்.

மலைமேல் சமைத்தல்

காட்டுக்கு வெளியே, உரிமையாளரின் அனுமதி பெற்ற தோட்டங்களில் கூடாரம் அமைப்போர் எரிவாயு அடுப்பில் சமைப்பதுண்டு. உயரம் கூடும்போது காற்றழுத்தம் குறைவதால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கிறது. சேலத்தில் ஏறத்தாழ 99 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், ஏற்காட்டில் ஏறத்தாழ 95 பாகையில் கொதித்துவிடும். இந்நான்கு பாகை வேறுபாட்டால் துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் வேக நேரமும் எரிபொருளும் மிகுதியாகத் தேவைப்படும். அழுத்தக் கலனில் இச்சிக்கல் பெரிதும் குறையும். ஆனால் அதன் எடையைச் சுமக்கவேண்டும். அதனால் பருப்பைக் கீழேயே வறுத்துப் பொடியாக்கிக் கொண்டுசெல்வது எளிது.

இரண்டாம் நாளுக்குச் சமைத்த சோற்றை எடுத்துச் செல்வது தவறு. சோற்றின் எடையில் பெரும்பகுதி நீரே ஆதலால் சுமையும் கூடும். அவல், பொரி, வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, வெல்லம் ஆகியவை எடை குறைந்தவை, கெடாதவை. நெருப்பில்லாமலேயே அவலைத் தூய குடிநீரில் நனைத்து, கீழே செய்துவந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் ஒருவேளை உணவாகிவிடும். சுவையில் இது புளியோதரைக்கு ஈடாகாது என்பதும் உண்மை.

கட்டும் முறை

வாழையிலையை அனலில் வாட்டினால் அது நெகிழ்ந்து, மடிக்கும்போது கிழியாது. மந்தாரை இலையும் பயன்படுத்தப்படுகிறது. சோறு முற்றிலும் ஆறியபின்னரே கட்டவேண்டும். சூட்டோடு கட்டினால் ஆவி நீராகி உள்ளேயே தங்கும். ஒருவருக்கு ஒருவேளைக்கு ஏறத்தாழ 100 முதல் 125 கிராம் வரை அரிசி போதும். ஒரே பெரிய பொட்டலத்தைப் பலமுறை பிரித்துக் கைபடச் செய்வதைவிட, வேளைக்கு ஒன்றாகத் தனித்தனியே கட்டுவது சிறந்தது. பயணக்கூட்டத்தில் ஒருவரது பொட்டலம் கெட்டாலும் மற்றவை தப்பும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் இவற்றை வைத்துச் செல்லக்கூடாது.

2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளும் தட்டுகளும் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டதால் இலைக்கட்டும் தூக்குச்சட்டியும் சட்டத்திற்கும் உகந்தவை. மலைச்சாலை வளைவுகளில் காத்திருக்கும் குரங்குகளுக்கு உணவிட்டால், அவை சாலைக்கு வந்து வண்டிகளில் அடிபடுவதோடு, பயணிகளின் பைகளைப் பறிக்கவும் பழகுகின்றன. ஆதலால் இலை மட்கக்கூடியதாயினும், சோறு ஒட்டிய இலையைக் காட்டில் எறியாமல் அடிவாரத்திற்கே திருப்பிக் கொண்டுவரவேண்டும்.