பால் கவரின் மூலையை ஏன் துண்டாக வெட்டக் கூடாது?

கோலார் தங்கவயலில் விடியும் முன்பே பால் கவர் கடைக்கு வந்துவிடும். மாரிக்குப்பம் நிலையத்தில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் அதற்குள் காபி குடித்தாக வேண்டுமே! 2001இல் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு வேலை தேடி தினமும் ரயிலேறும் ஊர் இது.

இங்கே விற்கும் கர்நாடகத்தின் நந்தினி பால் கவரில் கன்னடம் இருக்கும். தமிழ் மட்டுமே படித்த பாட்டிக்கு நிறமே போதும். நீலம் என்றால் 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பால், தமிழகத்தின் ஆவினைப் போலவே. எழுத்து தெரியாதவருக்கும் உதவும் நல்ல வடிவமைப்பு இது.

அரை லிட்டர் பாலைத் தாங்கும் அந்த உறையின் எடை சுமார் 3 கிராம்தான். அது பாலிஎத்திலீன். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நீரோடு ஒட்டாததால் பால் கசிவதில்லை. சூடுபட்டால் இளகி ஒட்டிக்கொள்வதால் பசையின்றியே விளிம்பை மூடலாம். பாலிலுள்ள ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் வெளிச்சத்தில் சிதையும், சுவையும் கெடும். உறையில் கலந்த வெள்ளை நிறமி வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கிறது.

கர்நாடகம் 2016இல் பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்தபோதும், ஆலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு விலக்கு கொடுத்தது. அதனால் பால் கவர் குப்பையாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் கைக்கு வருகிறது.

சிப்ஸ் உறையில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டியிருக்கும், பிரிப்பது கடினம். பால் கவர் ஒரே இனப் பொருள். அலசிக் காயவைத்துக் கட்டிக் கொடுத்தால் பழைய பொருள் கடைக்காரர் வாங்கிக்கொள்வார், உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். வெட்டியெறிந்த மூலைத்துண்டு மட்டும் யார் கையிலும் சிக்காமல் சாக்கடைக்குப் போகும். மூலையை முழுக்க வெட்டாமல், கவரோடு தொங்கும்படி விட்டால் போதும்.