மூழ்கிய கப்பல், மூழ்காத பெயர்

கொல்கத்தாவுக்கு வரும் கப்பல்களின் பைலட்டுகளைத் தலைமுறை தலைமுறையாக மிரட்டி வந்த மணல்திட்டு அது. பெயரென்னவோ சாதுவானது: ஜேம்ஸ் அண்ட் மேரி. ஹூக்ளி நதியில் தாமோதரும் ரூப்நாராயணும் வந்து கலக்கும் இடங்களுக்கு நடுவே நீருக்கடியில் கிடக்கிறது. 'ஜல் மாரி' - உயிர் குடிக்கும் நீர் - என்ற உள்ளூர்ச் சொல்தான் வெள்ளையர் வாயில் இப்படித் திரிந்தது என்று நெடுநாள் ஒரு கதை உலவியது.

உண்மை வேறு. 1694 செப்டம்பர் 24 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி' கப்பல் ஹூக்ளியில் ஏறி வந்தது. உள்ளே சுமத்ரா மிளகும், சென்னையில் ஏற்றிய செம்மரமும். மணலில் தட்டிய உடனே கவிழ்ந்து, நடு முறிந்தது. நாலைந்து பேர் பலி. கம்பெனியார் சுதாநுதி கிராமத்தில் கால் ஊன்றி அப்போது நான்கே ஆண்டுகள். கல்கத்தா நகரமே இன்னும் உருவாகவில்லை.

முங்கிப் பார்த்தால் என்ன? கனடாவில் பார்க்கிறார்கள். பிராக்வில் நகரருகே, செயின்ட் லாரன்ஸ் நதியில் 1877இல் மூழ்கிய 'லில்லி பார்சன்ஸ்' பாய்மரக் கப்பலைக் காண ஆக்சிஜன் உருளை இல்லை, அழுத்தக் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு ஸ்கூபா வீரர்கள் இறங்குகிறார்கள். குளிர்ந்த நன்னீர், மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே கிடையாது.

ஹூக்ளி நேர்மாறு. வெதுவெதுப்பான நீர். வண்டல் கலங்கலில் முங்குபவருக்குத் தன் கையே தெரியாது, தடவித்தான் வேலை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீரோட்டம் அடங்கும் சிறிது நேரத்தில் முடித்தாக வேண்டும். போதாக்குறைக்கு, நன்னீரிலும் பிழைக்கும் கப்பல்புழு வகை வங்காள ஆறுகளில் உண்டு. ஆனால் அதே வண்டல்தான் காவலாளியும். சேற்றில் ஆழப் புதைந்த மரத்தைப் பிராணவாயு எட்டாது, புழுவும் எட்டாது.

இப்படிப்பட்ட தேடலில் என்ன கிடைக்கும் என்பதற்குப் பூம்புகார் சாட்சி. அங்கே கடலில் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பலில், 1791, 1792 என்று ஆண்டும் 'பிளாக்கெட்' என்ற பெயரும் பொறித்த ஈயக் கட்டிகளைக் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்டார்கள். எந்தக் காலத்துக் கப்பல், எந்த நாட்டுச் சரக்கு என்பதற்கு அந்தக் கட்டிகளே துப்பு.

ஹூக்ளியில் ஒரு சிக்கல் கூடுதல். வண்டலை அள்ளாவிட்டால் துறைமுகம் பிழைக்காது. அந்த வண்டலைக் கழுவிவிடத்தான் 1975இல் ஃபராக்கா அணையே இயங்கத் தொடங்கியது. தூர் வாரும் இயந்திரத்துக்குப் பழைய மரமும் சேறும் ஒன்றுதான். முந்நூறு ஆண்டு காத்த பொருளை ஒரு மணி நேரத்தில் சிதைத்துவிடும்.

வழி இல்லாமல் இல்லை. சோனாருக்கும் காந்தமானிக்கும் தெளிந்த நீர் தேவையில்லை. நங்கூரமோ பீரங்கியோ புதைந்திருந்தால் காந்தமானி காட்டிக்கொடுக்கும். இந்தியத் தொல்லியல் துறையில் 2001 முதல் நீரடி ஆய்வுக்கெனத் தனிப் பிரிவும் இருக்கிறது. தூர் வாருமுன் ஒரு முறை துழாவிப் பார்ப்பது பெரிய செலவல்ல. கண்ணுக்குத் தெரியாத கப்பலை முங்கித்தான் தேட வேண்டும் என்பதில்லை. அள்ளி எறியாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.