'பிரிசம்ப்டிவ்' என்றால் வெறும் அனுமானமா?

கடந்த வாரம் உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் 'பிரிசம்ப்டிவ்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளைக் கேட்டார். "அனுமானிக்கப்பட்ட" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அது போதாது என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது.

இதன் வேர் லத்தீன். 'பிரே' என்றால் முன்பு, 'சூமேரே' என்றால் எடுத்தல். முன்கூட்டியே எடுத்துக்கொள்வது, ஆனால் நிரந்தரமாக அல்ல. 1936 இல் தந்தை மன்னரானபோது இளவரசி எலிசபெத்தை 'எயார் பிரிசம்ப்டிவ்' என்றார்கள். தம்பி ஒருவர் பிறந்திருந்தால் முடியுரிமை அவருக்குப் போயிருக்கும். பிறக்கவில்லை, 1952 இல் எலிசபெத் ராணியானார்.

பரீட்சையில் பிள்ளைகள் இதோடு குழப்பிக்கொள்ளும் 'பிரிசம்ப்சுவஸ்' இதே வேரில் வந்ததுதான். ஆனால் அது யாரும் தராததைத் தானே எடுத்துக்கொள்ளும் அதிகப்பிரசங்கித்தனம்.

எமது அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரையின் ஆங்கில வாசகத்திலும் இந்த வேர் இருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரையும் நிரபராதியாகவே கொள்ள வேண்டும் என்கிறது அது. 2019 இல் விசாரணைக்கு முன்பே குற்றவாளியாகப் பார்க்கப்படும் வலியை எம்மில் பலர் அனுபவித்தோம். இன்று ஊரில் ஒருவர் போதைப்பொருளோடு கைதானால், அவரது படத்தைப் போட்டு "குற்றவாளி சிக்கினான்" என்று பகிர்பவர்களும் நாங்கள்தான். முதலாவது 'பிரிசம்ப்டிவ்' என்றால் இரண்டாவது 'பிரிசம்ப்சுவஸ்'.

மறுநாள் அந்த மாணவியின் கொப்பியில் பொருளைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்: 'வேறு சான்று வரும்வரை அவ்வாறே கொள்ளப்படும்.'