தானே முதலாளி, தானே தொழிலாளி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

பட்டம் பெற்ற அனைவருக்கும் மாதச் சம்பள வேலை கிடைத்துவிடுவதில்லை. இது நாம் அனைவரும் அறிந்த உண்மை. நாளை நம்மில் பலர் தனித்தொழில் செய்தே பிழைக்க வேண்டியிருக்கும். டியூஷன், தையல், மொழிபெயர்ப்பு, திருமணப் படப்பிடிப்பு, கணிப்பொறியில் கணக்கு எழுதுதல் என அதற்கு வடிவங்கள் பல. இன்றே கல்லூரி முடிந்து வீடு திரும்பியதும் இத்தகைய வேலைகளில் அமரும் மாணவர்களும் நம்மிடையே உண்டு.

இத்தொழிலில் மேலதிகாரி இல்லை. வருகைப் பதிவேடு இல்லை. ஏன் தாமதம் என்று கேட்பாரும் இல்லை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், 'போதும், வீட்டுக்குப் போ' என்று சொல்வதற்கும் அங்கே ஆளில்லை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சங்கு ஊதாத வேலை

எங்கள் தேவர்சோலையைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்ட வேலை கடினமானது, கூலியும் அதிகமில்லை. எனினும் அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 54 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 1981-இல் செய்த திருத்தம் அதை 48 மணியாகக் குறைத்தது. வாரம் ஒரு நாள் ஓய்வும் சட்டத்தில் இடம்பெற்றது. அச்சட்டத்தின் இடத்தில் இன்று புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டாலும், உழைப்புக்கு எல்லை வேண்டும் என்ற கொள்கை மாறவில்லை.

அந்த எல்லை தானாக வந்ததன்று. 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினாரே, அத்தகைய முயற்சிகள் பலவற்றின் பயன் அது. தனித்தொழில் செய்பவரோ இந்த வேலிக்கு வெளியே நிற்கிறார். தன்னைச் சுரண்டும் முதலாளியும் அவரே. சுரண்டப்படும் தொழிலாளியும் அவரே. யாரை எதிர்த்துக் கொடி பிடிப்பது?

பணிச்சோர்வு என்பது யாது?

ஒரு நாள் உழைத்துக் களைத்தால் ஓர் இரவு உறக்கத்தில் அது தீரும். பணிச்சோர்வு அத்தகையதன்று. 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலறிஞர் இதைப் பற்றி எழுதினார். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில், ஆர்வத்தோடு தொண்டு செய்ய வந்தவர்களே நாளடைவில் உள்ளம் கருகி வெறுமையாகிப் போனதை அவர் கண்டார். ஆர்வம் குறைந்தவரை அல்ல, மிகுந்தவரையே இது முதலில் பிடிக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் வேலையின்மேல் பற்றறுதல் அல்லது வெறுப்பு, வேலைத்திறன் குறைதல். இம்மூன்றும் சேர்ந்து நீடித்தால் அதைச் சோம்பல் என்று ஏசுவது அறியாமை.

தேயிலைச் செடி கூறும் பாடம்

தாவரவியல் மாணவனுக்கு இதை விளக்கத் தேயிலைச் செடியே போதும். கொழுந்து பறிப்பவர் எல்லா இலைகளையும் பறித்துவிடுவதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறித்து, கீழே முற்றிய இலைகளை விட்டுவைப்பார். அந்த இலைகள்தாம் உணவு சமைத்து, எஞ்சியதை மாவுச்சத்தாக வேரில் சேமிக்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டும்போது செடியில் இலையே இராது. அப்போது வேரிலுள்ள சேமிப்பைக் கொண்டுதான் அது மீண்டும் துளிர்க்க வேண்டும். ஆகவே கவாத்துக்கு முன் வேரை வெட்டி அயோடின் தடவிப் பார்ப்பதுண்டு. கருநீலம் நன்கு படர்ந்தால் சேமிப்பு உண்டு. படராவிட்டால் செடிக்குச் சில வாரம் ஓய்வு கொடுப்பார்கள். பொருட்படுத்தாமல் வெட்டினால் செடி பட்டுப்போகும்.

மனிதனுக்கும் கவாத்துக் காலங்கள் உண்டு. வீட்டில் நோய் வரும், வேலை வராத மாதம் வரும், தேர்வு வரும். வேரில் சேமிப்பு இருப்பவனே துளிர்ப்பான்.

செடி கூறும் மற்றொரு பாடமும் உண்டு. பச்சைத் தேயிலையின் விலை விழும்போது சிறு விவசாயி என்ன செய்கிறார்? வருமானத்தை ஈடுகட்ட முற்றிய இலையையும் சேர்த்துப் பறிக்கிறார். எடை கூடுகிறது, தரம் குறைகிறது, விலை மேலும் விழுகிறது. கூலி குறையும்போது இரவெல்லாம் விழித்து இரட்டிப்பு வேலையை ஏற்கும் தனித்தொழிலாளியும் இதே சுழலில்தான் அகப்படுகிறார்.

ஒரு கணக்கு

ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் தேவை எனக் கொள்வோம். 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 200 மணி. 15,000-ஐ 200-ஆல் வகுத்து, மணிக்கு 75 ரூபாய் கூலி என்று அவர் பேசிவிடுகிறார். பிழை இங்கேதான் தொடங்குகிறது. வேலை தேடுதல், பேரம் பேசுதல், பணம் கேட்டு அலைதல், எங்கள் ஊர் மழைக்காலத்தில் மின்சாரத்துக்காகக் காத்திருத்தல் ஆகியவற்றுக்குக் கூலி இல்லை. இவற்றில் நாளுக்கு 3 மணி கழியுமானால் கூலியுள்ள நேரம் 5 மணிதான். மாதத்துக்கு 125 மணி. அவர் கேட்டிருக்க வேண்டிய கூலி 120 ரூபாய்.

75 ரூபாய்க்கே இசைந்தவர் 15,000 ஈட்ட நாள்தோறும் 8 மணி கூலி வேலையும் 3 மணி கூலியற்ற வேலையும் செய்தாக வேண்டும். நாளுக்கு 11 மணி; ஆறு நாள் வாரத்துக்கு 66 மணி. மனவுறுதி குறைந்ததால் வந்த சோர்வன்று இது. தவறான வகுத்தலால் வந்தது!

நீண்ட நேர உழைப்பு பயனாவது தருமா? முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் எடுத்த பதிவுகளை ஜான் பென்கேவல் என்ற பொருளியலறிஞர் 2014-இல் ஆராய்ந்தார். வாரம் சுமார் 50 மணிக்கு மேல் போனால் ஒவ்வொரு கூடுதல் மணியின் பயனும் குறைந்துகொண்டே வந்தது. 70 மணி உழைத்தவர்களின் உற்பத்தி, 56 மணி உழைத்தவர்களின் உற்பத்தியைவிட அதிகமில்லை என்றே சொல்லலாம். உடலுக்கு நேரும் கேடு வேறு. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத அபாயம், 35 முதல் 40 மணி உழைப்போரைவிட 35 விழுக்காடு கூடுதல் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கூட்டாக வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

செய்யத் தக்கவை

முதலாவது, நமக்கு நாமே சங்கு ஊதிக்கொள்ள வேண்டும். வேலை முடியும் நேரத்தை முன்கூட்டியே குறித்து, அந்நேரம் வந்ததும் எழுந்துவிட வேண்டும்.

இரண்டாவது, உழைத்த மணிகளை ஒரு நோட்டில் எழுத வேண்டும். கூலியில்லாத மணிகளையும் விடாமல் எழுத வேண்டும். அடுத்த முறை கூலி பேசும்போது அந்த நோட்டே நமக்குச் சாட்சி.

மூன்றாவது, முன்பணம் பெறப் பழக வேண்டும். எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர், தீபாவளிக்கு இத்தனை ரவிக்கை என்று எண்ணி வாங்கிக்கொண்டு, அதற்குமேல் வருவோரிடம், "பொங்கலுக்குத் தைத்துத் தருகிறேன்" என்பார். வாடிக்கை குறையவில்லை, சொன்ன தேதியில் துணி கிடைக்கும் என்ற நற்பெயரே வளர்ந்தது.

நான்காவது, தனித்தொழில் செய்தாலும் தனித்திருக்கக் கூடாது. ஒரே வேலை செய்பவர்கள் கூடிக் கூலியைப் பற்றி ஒளிவின்றிப் பேசினால், ஒருவரைக் காட்டி மற்றவரின் கூலியைக் குறைக்க எவராலும் இயலாது. இணையவழி நிறுவனங்களைச் சார்ந்து உழைப்போருக்கெனத் தமிழ்நாடு அரசு 2023-இல் தனி நலவாரியம் அமைத்தது. குரல் எழுப்புவோர் இருந்தால்தான் இத்தகைய ஏற்பாடுகள் வளரும்.

நண்பர்களே! குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகும் நம்மில் பலருக்கு ஓய்வெடுப்பதே குற்றம்போல் தோன்றும். பெற்றோர் மழையில் நனைந்து கொழுந்து பறிக்கும்போது, நிழலில் அமர்ந்திருக்கும் நமக்கு எதற்கு ஓய்வு என்று மனம் கேட்கும். ஆனால் அப்பெற்றோரே செடியை மொட்டையடிப்பதில்லை. அடுத்த சுற்றுக் கொழுந்துக்காக இலையை விட்டுவைக்கிறார்கள். அவர்கள் செடிக்குக் காட்டும் அந்த அறிவை, அவர்களின் பிள்ளைகளாகிய நாம் நம் உடலுக்கும் உள்ளத்துக்கும் காட்டுவோமாக!