வீட்டுக் கொல்லையில் பழமரம் வைக்க ஏற்ற காலமும் இடமும்

வீட்டின் பின்புறம் 5 சென்டோ 10 சென்டோ கொல்லை நிலம் உடைய குடும்பங்கள் கிராமங்களில் அநேகம். அக்கொல்லையில் மாவோ கொய்யாவோ ஒன்று நில்லாமலில்லை. ஆயினும் அது நிற்கும் இடம் பெரும்பாலும் யோசித்துத் தேர்ந்ததன்று; கன்று கைக்கு வந்த நாளில் மண்வெட்டிக்கு இளகிய இடமே அதற்கு இடமாயிற்று. நெல்லில் ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். மாமரம் தவறான இடத்தில் நின்றால் அது தெரியவருவதற்கே பத்து வருஷம் செல்லும். அதன்பின் கோடாலியைத் தவிர வேறு பரிகாரம் இல்லை.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பதைப் பிடித்துக்கொண்டு ஆடியில் ஒட்டுக்கன்று வைப்போர் பலர். அப்பழமொழி விதைக்குரியதேயன்றிக் கன்றுக்குரியதன்று. தென்மேற்குப் பருவமழை நன்கு எட்டும் கன்னியாகுமரி, தென்காசி, பொள்ளாச்சிப் பக்கங்களில் ஆனி, ஆடியில் நடுவது பொருத்தமே. ஏனைய ஜில்லாக்களிலோ அம்மாதங்களில் வீசுவது வறண்ட காற்று. இலை வழியே போகும் ஈரத்தை அறுபட்ட வேர் ஈடு செய்யமாட்டாது. தமிழ்நாட்டில் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்வது. ஆகையால் கீழைக்கரை ஜில்லாக்களில் புரட்டாசிக் கடைசியில் இரண்டொரு மழை பெய்து மண் நனைந்தவுடன் நடுதல் சிலாக்கியம். காவேரி டெல்டாவின் களிமண்ணில் ஐப்பசி அடைமழைக்குக் குழியே குட்டையாகிவிடும். அங்கே கார்த்திகைப் பிற்பகுதியில், மழை தணிந்த பின்னர், மண்ணை மேடாக்கி நடவேண்டும்.

நடுவது எம்மாதமாயினும் குழியைக் கோடையிலேயே எடுத்துவிட வேண்டும். மா, பலா, சப்போட்டாவுக்கு நீள அகல ஆழம் 3 அடி. எலுமிச்சைக்கு 2½ அடி. மாதுளைக்கு 2 அடி. கொய்யாவுக்கு 1½ அடி போதும். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறு பக்கமும் தனித்தனியே குவித்து, ஒரு மாதம் வெயிலில் காயவிட்டு, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புக. முதல் மழைக்கு அது படிந்தபின் நட்டால் கன்று பிறகு கீழே இறங்காது. குழி எடுத்த அன்றே நடுகிறவர்களின் கன்றுகளில் ஒட்டுப்பகுதி மண்ணுக்குள் போய் அழுகுவது சாதாரணமாகக் காணப்படுவது.

இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியிருக்கிறது. நன்கு வளர்ந்த மாமரம் 30 அடிக்கு 30 அடி, அதாவது 900 சதுர அடி, கவிந்துகொள்ளும். இது 2 சென்டுக்கு அதிகம். 5 சென்டு கொல்லையில் வீட்டுக்கு வெளிச்சம், வைக்கோற்போர், மாட்டுக்கொட்டில் இவற்றுக்கெல்லாம் இடம் போக மாவுக்கு மிஞ்சுவது யாது? அத்தகையோர் கொய்யா, எலுமிச்சை, மாதுளை இவற்றோடு நிற்பது விவேகம். பெரியகுளத்திலிருந்து வெளியான பி.கே.எம். 1 எலுமிச்சை கொல்லைக்கு உகந்தது. நிழலிலே நட்ட மரம் இலை விடுமேயன்றிக் காய்க்காது. நாளில் 6 மணி நேரமாவது வெயில் படவேண்டும்.

பெருமரங்களை வீட்டுச் சுவருக்கு 25 அடிக்குள்ளும், மின்கம்பியின் கீழும் வைக்கலாகாது. 2011 டிசம்பர் 30-இல் கடலூர்ப் பக்கம் கரை கடந்த தானே புயலிலும், 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கடந்த கஜா புயலிலும் பலாவும் மாவும் தென்னையும் வேரோடு சாய்ந்ததை அப்பிரதேசத்தார் மறந்திருக்கமாட்டார்கள். பலாவைப் பொறுத்தவரை, இடம் மாற்றி நடுவதை அது விரும்பாது. புதிதாய் எடுத்த கொட்டையைக் காயவிடாமல் குழியிலேயே ஊன்றினால் ஆணிவேர் நேரே இறங்கிப் பிடிப்பு உறுதியாகும்; காய்ப்பு ஏழெட்டு வருஷம் தாமதிப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குளியலறை, கிணற்றடி ஜலம் ஓடும் இடம் வாழைக்கே உரியது. பப்பாளியை அங்கே வைக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். இரண்டு நாள் ஜலம் தேங்கினால் அது அழுகிச் சாயும். எல்லையோரம் மரம் வைப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள புலப்படத்தைப் பார்த்து அளவு தெரிந்துகொள்வது நலம். காய்க்கத் தொடங்கியபின் எழும் எல்லைத் தகராறு, மரத்தின் வயதைக் காட்டிலும் நீண்டுபோவதுண்டு.

மாலை வேளையில், ஒட்டு தரைக்கு மேல் அரையடி நிற்குமாறு நட்டு, கோல் ஊன்றிக் கட்டுக. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை அவ்வப்போது கிள்ளாவிட்டால் நாட்டுமரமே தலையெடுத்து ஒட்டு பட்டுப்போகும். மாவில் முதல் மூன்று வருஷப் பூவை உதிர்த்துவிடுவது வீட்டாருக்கு மனம் வராத காரியமாயினும் செய்யவேண்டியதே.

மழைக்காலத்தில் தழைத்த கன்று பட்டுப்போவது பெரும்பாலும் முதற்கோடையில். மாசி முதல் ஆனி வரையில் வாரம் இருமுறை, தண்டிலிருந்து ஓரடி தள்ளி வெட்டிய வட்டப்பாத்தியில் இரண்டு குடம் ஜலம் விட்டு, வைக்கோலால் மூடாக்கு இடவேண்டும். கறையான் உள்ள செம்மண்ணில் அவ்வைக்கோல் தண்டைத் தொடாதபடி ஒரு சாண் இடைவெளி விடுக.