ஹால்ல ஒரு தண்டையார்பேட்டை யார்டு: பர்ஸ் காலியாகாம மாடல் ரயில்

மாடல் ரயில் ஆசையா? பர்ஸுக்கு முன்னாடி டேப்பை எடுங்க.

எண்ணூர்ல நிலக்கரி ஏத்திட்டுப் போற ரயில்ல சாதாரணமா 58 பாக்ஸ்என் வேகன். ஒவ்வொன்றும் சுமார் 10.7 மீட்டர். 87-ல் ஒரு பங்காகச் சுருக்கும் ஹெச்ஓ அளவில் வேகன் 12 செ.மீ.தான், ஆனா முழு ரயிலும் 23 அடி! ஹவுசிங் போர்டு ஹால்ல எங்கே வைப்பீங்க?

அதனால ஓடுற ரயிலை விடுங்க, தண்டையார்பேட்டை யார்டு ஷண்டிங்கைச் செய்யுங்க. இங்கிலாந்தின் ஆலன் ரைட் உருவாக்கிய 'இங்கிள்நுக் சைடிங்ஸ்' இதுக்குன்னே இருக்கு. 1 இன்ஜின், 8 வேகன், 2 பாயின்ட், 5, 3, 3 வேகன் நிக்கிற மூணு லைன். அவ்வளவுதான். சீட்டுக் குலுக்கி 5 வேகன் எடுத்து, அதே வரிசையில கோக்கணும். 6,720 விதமா வரும். இதுக்கு மேல என்ன ரிட்டர்ன் வேணும்?

குடோன், மதில்சுவரை அட்டையில செய்யலாம். துருக்கறைக்குப் போஸ்டர் கலர் போதும். பாயின்ட்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வேகன் தடம்புரண்டுட்டே இருந்தா ரெண்டு வாரத்துல எல்லாம் பரண்ல ஏறிடும், போட்ட காசும் கூடவே. இஎம்ஐ வேண்டவே வேண்டாம், மாசம் ஒரு வேகனா சேருங்க. வெளிநாட்டு இன்ஜின்னா கஸ்டம்ஸ் டூட்டியையும் கூட்டிக்கோங்க. வாங்கும்போது வேகத்தைப் பார்க்காதீங்க, நத்தை மாதிரி நகருதான்னு பாருங்க.