உண்ணாத பூனைக்கு மருந்து கொடுப்பது எப்படி?

அரிசி மூட்டையை எலியிடமிருந்து காக்கும் பூனை, நோயுற்றால் மூலையில் சுருண்டுகொள்ளும். 'பசித்தால் தானே தின்னும்' என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

அவர் தரும் மாத்திரையைச் சோற்றில் கலப்பதில் பயனில்லை. உண்ணாத பூனை அதையும் தொடாது. பூனையைப் பழைய துண்டில் தலை மட்டும் தெரியச் சுற்றி மடியில் வையுங்கள். ஒரு கையால் தலையைப் பிடித்துச் சற்றே உயர்த்துங்கள். மறு கை விரலால் கீழ்த்தாடையைத் திறந்து, மாத்திரையை நாக்கின் அடியோரம், தொண்டைப் பக்கமாக வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். தண்ணீர் கொடுக்காவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். தலையை அண்ணாந்து பிடித்து மடமடவென்று ஊற்றினாலோ, நீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

மூக்கடைத்த பூனைக்கு உணவின் வாசம் தெரியாது. ஈரத் துணியால் மூக்கைத் துடைத்து, உப்பில்லாமல் அவித்த மீனை முள் நீக்கி, வெதுவெதுப்பாக வையுங்கள். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது.

முக்கியமான ஒன்று: காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமோலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதன் ஈரலால் அம்மருந்தை முறிக்க முடியாது; 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதைக் கொன்றுவிடும். இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பூனை மீதுள்ள பாசத்தில் முதலில் மாத்திரையைத் தேடி ஓடுபவர்கள் அவர்கள்தானே!